கோடு எங்கே தொடங்குகிறது?

பத்தாம் வகுப்பில் பயிலும் மாணாக்கர் பலர் அஞ்சி நிற்கும் இடங்களுள் ஒன்று நேர்க்கோட்டு வரைபடம். "ஒய் சமம் எம் எக்ஸ் கூட்டல் சி" என்னும் சூத்திரத்தை அவர்கள் மனப்பாடம் செய்துவிடுகின்றனர். ஆயின் அதில் 'எம்' என்பது யாது, 'சி' என்பது யாது என்று வினவினால் விழிக்கின்றனர். பெற்றோரோ, "இதெல்லாம் எங்கே உதவப் போகிறது? தேர்வு முடிந்தால் மறந்துபோகும்" என்று ஒதுங்கிவிடுகின்றனர். இத்திங்கள் இவ்விரு சாராரையும் ஒரு பாயில் அமரவைத்துப் பேச விரும்புகிறேன். பிள்ளை பள்ளியில் வரையும் கோடும், தாய் அஞ்சறைப் பெட்டியில் மறைத்து வைத்திருக்கும் தண்டல் சீட்டும் ஒன்றே என்பதுதான் நான் சொல்லவந்த செய்தி.

இரண்டே வினாக்கள்

நேர்க்கோடு எதுவாயினும் அதனை அறிந்துகொள்ள இரண்டே வினாக்கள் போதும். எங்கே தொடங்குகிறது என்பது முதல் வினா. ஒவ்வோர் அடிக்கும் எவ்வளவு ஏறுகிறது, அல்லது இறங்குகிறது என்பது இரண்டாம் வினா. முதல் வினாவின் விடையை வெட்டுத்துண்டு என்றும், இரண்டாம் வினாவின் விடையைச் சாய்வு என்றும் கணக்கு நூலார் வழங்குவர். சூத்திரத்தில் 'சி' என்பது வெட்டுத்துண்டு. 'எம்' என்பது சாய்வு.

ஓர் எளிய எடுத்துக்காட்டைக் காண்போம். உண்டியலில் முன்னரே 200 ரூபா இருக்கிறது. இனி வாரந்தோறும் 50 ரூபா போடுவதென்று ஒரு சிறுமி முடிவு செய்கிறாள். தொடக்கம் 200, ஏற்றம் வாரத்திற்கு 50. ஆகவே,

தொகை = 50 × வாரம் + 200.

இதனை வரையக் கட்டத்தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அடியிற் கிடையாக ஒரு கோடு; அதில் வாரங்களைக் குறியுங்கள். இடப்புறம் நிமிர்ந்த ஒரு கோடு; அதில் ரூபாக்களைக் குறியுங்கள். வாரம் ஒன்றும் கழியாத நாளில் கையிலுள்ளது 200. ஆதலின் நிமிர்ந்த கோட்டில் 200க்கு நேரே முதற்புள்ளியை வையுங்கள். அங்கிருந்து வலப்புறம் ஒரு வாரம் நகர்ந்து, மேலே 50 ஏறி இரண்டாம் புள்ளியை வையுங்கள். அளவுகோலை இரண்டு புள்ளிகளிலும் படியவைத்துக் கோட்டை இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. பத்தாம் வாரத்தில் எவ்வளவு சேரும் என்று கூட்டிப் பார்க்க வேண்டுவதில்லை. கோடு 700 என்று காட்டிவிடும். நீண்ட அட்டவணை எழுதி ஏழெட்டுப் புள்ளிகளைக் குறித்துக் களைத்துப்போகும் பிள்ளைகளுக்கு இவ்வழியைக் காட்டிக் கொடுங்கள். தொடக்கம் ஒன்று, ஓர் அடி ஒன்று. இவ்விரண்டும் கிடைத்தால் கோடு கிடைத்தது.

சாய்வும் ஏற்றமும்

தமிழில் நாம் சாய்வு என்கிறோம். மராத்தி வழிப் பள்ளியிற் பயிலும் பிள்ளைகள் இதனைச் 'சட்' என்று படிக்கின்றனர். ஏற்றம் என்பது அதன் பொருள். இரண்டு சொற்களும் அழகியவையே. ஒன்று கோட்டைப் பார்த்து எழுந்த சொல். மற்றொன்று மலையைப் பார்த்து எழுந்த சொல்.

மலை என்றதும் நம்மவர்க்கு நினைவுக்கு வரவேண்டியது போர்காட் கணவாய். மும்பையிலிருந்து நாகர்கோவில் செல்லும் வண்டியில் ஏறியவர்கள் கர்ஜத் நிலையம் தாண்டியதும் வண்டி மெல்ல முனகிக்கொண்டு ஏறுவதை உணர்ந்திருப்பர். 1863ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அப்பாதையில் ஏற்றம் 37க்கு 1 வரை உள்ளது. அஃதாவது, 37 மீட்டர் முன்னே சென்றால் ஒரு மீட்டர் உயர வேண்டும். சாய்வு என்று எழுதினால் 37இல் ஒரு பங்கு; தசமத்தில் ஏறத்தாழ 0.027. பார்வைக்கு இஃது ஒன்றுமில்லாததுபோலத் தோன்றும். ஆயினும் முன்னே ஒரு பொறி இழுத்தது போதாமல், வண்டியின் பின்னே வேறு பொறிகளைப் பூட்டித் தள்ளும் அளவுக்கு அது கடினமான ஏற்றம்.

நம் நீலகிரி மலை இரயிலோ, கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே 12.28க்கு 1 என்னும் அளவுக்கு ஏறுகிறது. தசமத்தில் ஏறத்தாழ 0.081, போர்காட்டைப்போல மும்மடங்கு. அதனாலேதான் அங்கே வழுவழுப்பான தண்டவாளம் மட்டும் போதாதென்று நடுவே பற்சட்டமும் அமைத்தனர். எண் சிறிதாயினும் அதன் விளைவு பெரிது என்பதற்கு இவ்விரு மலைகளும் சான்று.

இருப்புப்பாதை ஓரத்தில் இரு கைகளை நீட்டிய சிறு கம்பங்களைப் பலரும் கண்டிருக்கலாம். ஒரு கை மேல்நோக்கியும் மற்றொரு கை கீழ்நோக்கியும் இருக்க, அவற்றின்மேல் எண் எழுதப்பட்டிருக்கும். அவ்வெண்தான் சாய்வு. ஓட்டுநர் ஒவ்வொரு நாளும் கணக்குப் பாடம் படித்துக்கொண்டேதான் வண்டியைச் செலுத்துகிறார்.

ஆட்டோவின் கோடு

இனி, மான்குர்டு நிலையத்தில் இறங்கிச் சீத்தா கேம்ப் வர ஆட்டோ பிடிப்பவர்க்கு ஒரு வினா. மீட்டர் காட்டும் கட்டணக் கோடு எங்கே தொடங்குகிறது?

2025ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, மும்பை ஆட்டோவில் முதல் 1.5 கிலோமீட்டருக்குக் குறைந்தபட்சம் 26 ரூபா. அதன்மேல் கிலோமீட்டருக்கு 17.14 ரூபா. உடனே பலரும், "தொடக்கம் 26, சாய்வு 17.14" என்று எழுதிவிடுவர். அது சரியன்று. ஏனெனில் அந்த 26 ரூபாவுக்குள் ஒன்றரைக் கிலோமீட்டர் ஓட்டமும் அடங்கியுள்ளது. 17.14ஐ 1.5ஆல் பெருக்கிப் பாருங்கள், 25.71 வருகிறது. 26இலிருந்து இதனைக் கழித்தால் எஞ்சுவது 29 காசு மட்டுமே. டாக்ஸிக்கு அதே நாள் வந்த கட்டணம் 31 ரூபாவும், மேற்கொண்டு கிலோமீட்டருக்கு 20.66 ரூபாவும். அங்கே கழித்துப் பார்த்தால் எஞ்சுவது ஒரே ஒரு காசு!

ஆகவே அக்கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அது சுழியத்தின் அருகிலேயே சென்று முடிகிறது. ஏறி அமர்வதற்கென்று தனிக் கட்டணம் ஏதுமில்லை. ஓடிய தூரத்துக்கே கூலி. ஆயினும் அரைக் கிலோமீட்டர் செல்பவரும் ஒன்றரைக் கிலோமீட்டருக்குரிய தொகையைத் தந்தாக வேண்டும். வரைபடத்தில் இது, முதல் ஒன்றரைக் கிலோமீட்டர் வரையில் 26இல் படுத்த கோடாகவும், பின்னர் ஏறும் கோடாகவும் விளங்கும். தொடக்கத்தைக் காட்டும் எண்ணைப் பார்த்தவுடன் ஏற்றுக்கொள்ளாமல், அதற்குள் என்ன அடங்கியுள்ளது என்று கேட்கும் பழக்கம் இங்கிருந்தே வரவேண்டும்.

படுத்த கோடு

இரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றும் எனக்கு நன்கு பழகிய வரைபடம் ஒன்றுண்டு. கட்டுப்பாட்டு அறையில் வண்டிகளின் ஓட்டத்தைக் குறிக்கும் படம் அது. கிடையாக நேரமும், நிமிர்வாக நிலையங்களும் குறிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோடு. விரைவு வண்டியின் கோடு செங்குத்தாக எழும். மெதுவான வண்டியின் கோடு சற்றே சாய்ந்து செல்லும். எதிர்த்திசையில் வரும் வண்டியின் கோடு மேலிருந்து கீழே இறங்கும். இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடமே இரு வண்டிகளும் சந்திக்கும் இடம். ஒற்றைப் பாதையாயின் அவ்விடம் ஒரு நிலையமாக இருந்தே தீரவேண்டும்; இல்லையேல் பெருந்தீங்கு நேரும். இம்முறை புதியதன்று. பாரீசுக்கும் லியோனுக்கும் இடையே ஓடிய வண்டிகளுக்கு இத்தகைய படம் வரையப்பட்டு, மரே என்னும் பிரெஞ்சு அறிஞரின் நூலில் 1885ஆம் ஆண்டு வெளிவந்தது.

அப்படத்தில் நான் வாசகர்க்குக் காட்ட விரும்புவது ஒன்றே. வண்டி நிலையத்தில் நிற்கும்போது அதன் கோடு படுத்துக்கொள்ளும். நேரம் செல்கிறது, தூரம் மாறவில்லை. சாய்வு சுழியம். படுத்த கோட்டைக் கண்டால், "இது நகரவில்லை" என்று பொருள். இதனை மனத்திற் கொண்டு இனி வீட்டுக்குள் வருவோம்.

கடனின் கோடு

சீத்தா கேம்ப் எழுந்த வரலாற்றை மூத்தவர்கள் அறிவர். அணுசக்தி நிலையத்தின் அருகே இருந்த ஜனதா காலனி 1976ஆம் ஆண்டு மே மாதத்தில் அகற்றப்பட்டு, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இங்கே கொண்டுவந்து விடப்பட்டன. மீண்டும் சுவர் எழுப்பிக் கூரை வேய்ந்து வாழ்வைத் தொடங்கியவர்கள் அவர்கள். சம்பளம் வாரத்துக்கும் நாளுக்குமாக வருகின்ற இத்தகைய தெருக்களில், பிள்ளையின் படிப்புக்கோ, ஊரில் நடக்கும் திருமணத்துக்கோ, மருத்துவத்துக்கோ திடீரென்று பணம் வேண்டுமாயின் கைகொடுப்பது தண்டல்.

தண்டல்காரர் வாயிலில் நின்று சொல்லும் சொல் இதுதான்: "அக்கா, நாளொன்றுக்கு நூறு ரூபாதானே! நூறு நாளில் முடிந்துவிடும்." அவர் சொல்வது சாய்வு மட்டும். தொடக்கத்தைப்பற்றி அவரும் விரித்துரைப்பதில்லை, அக்காவும் கேட்பதில்லை.

சீட்டில் எழுதுவது 10,000. கையில் தருவது 9,000. நாளுக்கு 100 வீதம் கட்ட வேண்டும். தண்டல்காரரின் கோடு,

பாக்கி = 10,000 − 100 × நாள்.

இது மேலிருந்து கீழிறங்கும் கோடு. சாய்வு குறை எண். நூறாம் நாளில் கிடைக்கோட்டைத் தொடுகிறது. இப்போது அதே தாளில் அக்காவின் கோட்டையும் வரையுங்கள். அவர் கைக்கு வந்தது 9,000. அதிலிருந்து நாளுக்கு 100 இறங்கினால் தொண்ணூறாம் நாளிலேயே கோடு தரையைத் தொட்டுவிடுகிறது. இரண்டு கோடுகளுக்கும் சாய்வு ஒன்றே. ஆதலின் அவை ஒன்றையொன்று என்றும் சந்திக்கா இணைகோடுகள். வேறுபாடு தொடக்கத்தில் மட்டுமே. எஞ்சிய பத்து நாளும் அக்கா கட்டுவது, தம் கைக்கு வாராத பணத்துக்காக!

"ஆயிரம் ரூபா வட்டிதானே, நூற்றுக்குப் பத்துத்தானே" என்று சிலர் அமைதி கொள்வர். கோடு அவ்வாறு கூறவில்லை. அக்காவின் கோட்டைப் பாருங்கள். முதல் நாளில்தான் அவரிடம் 9,000 ரூபாக் கடன் இருந்தது. ஐம்பதாம் நாளில் 4,000 ஆகிறது; எண்பதாம் நாளில் 1,000. சராசரியாக நோக்கினால் அவர் கையில் நின்ற பிறர் பணம் ஏறத்தாழ 4,500 ரூபாதான். அதற்கு நூறு நாளைக்கு 1,000 ரூபா என்றால் முப்பது நாளைக்கு 300 ரூபா. ஆகவே மாதத்துக்கு நூற்றுக்கு ஆறரை ரூபா அளவில் வட்டி வருகிறது. ஐந்து வட்டி என்றால் அஞ்சி ஓடுகிறவர்கள், தண்டலை வட்டியே இல்லாததுபோல வாங்கிவிடுகின்றனர். காரணம், அங்கே வட்டி சாய்வில் தெரியவில்லை, தொடக்கத்திற்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. ஆட்டோவின் 26 ரூபாவுக்குள் ஒன்றரைக் கிலோமீட்டர் ஒளிந்திருந்தது போலவே என்க.

இனி ஐந்து வட்டியின் கோட்டைக் காண்போம். 10,000 ரூபாவுக்கு மாதம் 500 வட்டி. முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் தவறாது கட்டிவரும் குடும்பங்கள் உண்டு. "நாணயமாகக் கட்டிவருகிறோம்" என்று அவர்கள் பெருமையோடு கூறுவர். நாணயம் உண்மைதான். ஆனால் அவர்களுடைய கடனின் கோடு யாது? முதல் மாதம் 10,000. ஆறாம் மாதம் 10,000. இருபத்துநான்காம் மாதம் 10,000. அதற்குள் கட்டிய தொகையோ 12,000. கடன் என்னும் வண்டி நிலையத்தில் நிற்கிறது. நிற்பதற்கு மட்டும் மாதந்தோறும் 500 ரூபா தந்துகொண்டிருக்கிறோம். படுத்த கோடு தரையைத் தொடுவதில்லை.

500 கட்ட இயலாமல் 300 மட்டும் கட்டுவோர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. மாதம் 200 பாக்கியாகிறது. அப்போது கோடு மேல்நோக்கித் திரும்பிவிடுகிறது.

கடன் = 10,000 + 200 × மாதம்.

ஓராண்டில் 12,400. பாக்கி வட்டிக்கும் வட்டி போடுபவராயின் அது நேர்க்கோடாகவும் இராது. வளைந்து மேலே பாயும். கட்டிக்கொண்டே இருக்கிறோம், கடனும் வளர்ந்துகொண்டே இருக்கிறது என்று கலங்குகிறவர் பலர். அது விதியின் செயலன்று, சாய்வின் செயல்.

கேட்க வேண்டியவை

கடனே வாங்கலாகாது என்று அறிவுரை கூறுவது எளிது. அடுப்பெரிக்கும் தாய்க்கு அது பயன்படாது. வாங்குமுன் இரண்டு வினாக்களையும் கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள். "சீட்டில் எவ்வளவு, கையில் எவ்வளவு?" இது வெட்டுத்துண்டு. "நான் கட்டுவதில் எவ்வளவு முதலைக் குறைக்கும்?" இது சாய்வு. இவ்விரண்டுக்கும் நேரான விடை கூறாதவரிடம் பணம் வாங்காமலிருப்பது நன்று. வங்கியிலோ, மகளிர் உதவிக் குழுவிலோ வாங்கினாலும் இதே வினாக்களைக் கேட்கலாம், கேட்பதில் வெட்கமில்லை.

மகாராட்டிரத்தில் 2014ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வட்டித் தொழில் நடத்துவோர் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். வாங்கியவர்க்குக் கணக்கையும் தருதல் வேண்டும். உரிமம் உண்டா என்று கேட்பதும், கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் எழுத்தில் குறிப்புப் பெறுவதும் நம் உரிமை.

பெற்றோர்க்கு மற்றொன்றும் கூறுவேன். வீட்டுக் கடனைப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் மறைக்கிறோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அதனை மறைக்க வேண்டுவதில்லை. கட்டத்தாளை விரித்து, "இதை வரைந்து காட்டு கண்ணே" என்று சொல்லுங்கள். எம் என்பதும் சி என்பதும் அன்றே அதற்கு விளங்கிவிடும், தேர்விலும் மறவாது. உங்களுக்கோ, கடன் எந்நாளில் தரையைத் தொடும் என்பது கண்முன்னே தெரியும். நாள் தெரிந்த துன்பத்தைத் தாங்கிக்கொள்ளலாம்.

இத்திங்கள் பயிற்சி

ஒருவர் சீட்டில் 6,000 எழுதி, கையில் 5,000 தந்து, நாளுக்கு 100 வீதம் கேட்கிறார். மற்றொருவர் 5,500 எழுதி, அதே 5,000 தந்து, நாளுக்கு 50 வீதம் கேட்கிறார். இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் வரையுங்கள். எவருடைய கடன் எந்நாளில் தீர்கிறது? இரண்டு கோடுகளும் எந்நாளில், எத்தொகையில் வெட்டிக்கொள்கின்றன? உங்கள் வீட்டு நிலைக்கு எது ஏற்றது, ஏன்? முதல் இரண்டு வினாக்களுக்கு ஒரே விடைதான் உண்டு. மூன்றாவதற்கு வீட்டுக்கு வீடு விடை வேறுபடலாம். ஆகவே அதனைப் பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்தே எழுதுங்கள். விடைகளை அடுத்த இதழில் காண்போம்.